எட்டு போடுவதற்கு முன்னும் பின்னும்: பிள்ளையின் முதல் ஓட்டுநர் உரிமம்

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் பிள்ளை பிளஸ் டூ முடிப்பதும் அவனுக்கோ அவளுக்கோ பதினெட்டு வயது நிறைவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்கின்றன. கல்லூரிச் சேர்க்கை, விடுதி, கட்டணம் என்று வீடு பரபரப்பாக இருக்கும் அந்தக் கோடையில்தான் லைசென்ஸ் பற்றிய பேச்சும் எழுகிறது. எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் வாங்கி, ஓட்டுத் தேர்வில் பைக்கில் எட்டு வடிவம் போட்டு, கார்டு கைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றே பலரும் நினைக்கிறோம். இரண்டு பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் செய்து முடித்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. அலுவலகத்தில் நடக்கும் பகுதி மிக எளிது, எல்.எல்.ஆருக்கும் கார்டுக்கும் இடைப்பட்ட மாதங்களும், கார்டு வந்த பிறகான முதல் ஆண்டும்தான் பிள்ளை உண்மையில் ஓட்டக் கற்கும் காலம். அந்தக் காலம் பயிற்சிப் பள்ளியின் பொறுப்பைவிட அதிகமாகப் பெற்றோரின் பொறுப்பில் இருக்கிறது.

வயது நிறையும் வரை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பொது இடத்தில் வாகனம் ஓட்டுவதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட இருசக்கர வண்டியை மட்டும் 16 வயதில், பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலோடு உரிமம் பெற்று ஓட்டலாம் என்று அதே சட்டம் விலக்களிக்கிறது. இந்த விலக்கைக் கேள்விப்பட்டுச் சிலர் பதினாறு வயது மகளுக்கு வீட்டு ஸ்கூட்டரைக் கொடுத்துவிடுகிறார்கள். நம் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 110 அல்லது 125 சி.சி. வண்டிகள், சந்தைக்கு மூட்டை சுமக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். கூட இன்று 100 சி.சி. அளவுக்கு வந்துவிட்டது. ஆகவே அந்த விலக்கு நடைமுறையில் ஏட்டில் மட்டுமே இருக்கிறது என்று கொள்வதே பாதுகாப்பு. மின்சார ஸ்கூட்டர்களில் 250 வாட்டுக்கும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டவை மோட்டார் வாகனம் என்ற கணக்கிலேயே வராததால் அவற்றுக்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் உரிமம் தேவையில்லை என்று சொல்லி விற்கப்படும் வண்டி கடை வாசலைத் தாண்டியதும் 40-இல் ஓடுமானால், அது அந்த விலக்குக்குள் அடங்காது.

இந்தச் சட்டத்தில் 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள 199-ஏ பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் ஒருமுறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். சிறார் ஒருவர் வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால், அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பாவார்; மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும்; அந்தப் பிள்ளைக்கு 25 வயது நிறையும் வரை பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. வண்டி நம் ஒப்புதலோடுதான் எடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். நமக்குத் தெரியாமல் எடுத்தான் என்பதை மெய்ப்பிக்கும் சுமை நம் தலையில்தான் விழும். விபத்து நேர்ந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் நம் வண்டிக்கான இழப்பீட்டை மறுத்துவிடும்; அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையையும் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாவது வழக்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் அறிந்த பெற்றோரும் ஒரு மாலையில், பக்கத்துத் தெருதானே, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பால் வாங்கி வா என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். நம் ஊரில் சட்டமீறல் பெரும்பாலும் பிள்ளையின் அடத்தில் தொடங்குவதில்லை, இந்தப் பால் பாக்கெட்டில்தான் தொடங்குகிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போகச் சொல்வதில் இன்னொரு லாபமும் உண்டு: சாலையின் இடப்பக்கம் ஒட்டிச் செல்வது, திரும்பிப் பார்த்துவிட்டு வளைவது, பேருந்தின் பின்னே எவ்வளவு இடம் விடுவது என்பவற்றைச் சைக்கிளில் கற்ற பிள்ளைக்கு வண்டியில் பாதிப் பாடம் முன்பே தெரிந்திருக்கும்.

ஆவணங்களில் இனிஷியல்

விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்னால் பிள்ளையின் ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஒரே மேசையில் பரப்பி வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழர்களாகிய நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் பெரிதாக இல்லாததால், ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், மற்றொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் தந்தையின் பெயர் முழுவதுமாக விரிந்திருக்கும். தமிழிலிருந்து ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருப்பதும் சாதாரணம். இந்த வேறுபாட்டை இன்று பொருட்படுத்தாமல் விட்டால், நாளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போதோ வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதி கேட்கும்போதோ அது நம்மைத் திருப்பி அனுப்பும். பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் உடன்வரும் ஆவணம் மதிப்பெண் சான்றிதழ்தான் என்பதால், ஆதாரை அதற்கு இணங்கத் திருத்திக்கொண்டு, அதன் பிறகே விண்ணப்பிப்பது நல்லது. ஆதாரோடு இணைந்த கைபேசி எண் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓ.டி.பி. எனும் கடவு எண் அந்தக் கைபேசிக்குத்தான் வரும்.

அடுத்தது கண். உடல் தகுதிக்கான உறுதிமொழிப் படிவத்தில், பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் நிற்கும் காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, வலிப்பு நோய் உண்டா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். திரையில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று சொடுக்கிவிட்டு நகர்வதற்கு முன்னால், பிள்ளையைத் தெருவுக்கு அழைத்துச் சென்று, முப்பது தப்படிக்கு அப்பால் நிற்கும் ஒரு காரின் எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். என் மகனுக்குக் கிட்டப்பார்வை இருப்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. வகுப்பில் கரும்பலகை மங்கலாகத் தெரிவதை அவன் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. படிவத்தில் உறுப்பு தானத்துக்குச் சம்மதமா என்ற கேள்வியும் வரும். அதை நீங்களே நிரப்பிவிடாமல், பிள்ளையிடம் பேசி, அவர் முடிவு செய்ய விடுங்கள்.

எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம்

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதியில் செய்யப்படுகிறது. கணினி வசதி இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். கியர் உள்ள இருசக்கர வண்டி, இலகுரக மோட்டார் வாகனம் எனப்படும் கார் ஆகிய இரண்டு வகைகளையும் முதல் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுவது சிக்கனம், ஏனெனில் பின்னாளில் ஒரு வகையைக் கூட்டுவதற்குத் தனிக் கட்டணமும் தனி அலைச்சலும் உண்டு. மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கு ஒவ்வொரு வகைக்கும் 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50 ரூபாய். பிறகு ஓட்டுத் தேர்வுக்கு ஒவ்வொரு வகைக்கும் 300 ரூபாய், உரிமத்துக்கு 200 ரூபாய். இவற்றின் மேல் சேவைக் கட்டணம் சிறிது சேரும். இந்தத் தொகையைத் தெரிந்து வைத்துக்கொண்டால், மொத்தமாக இவ்வளவு ஆகும் என்று புரோக்கர் ஒருவர் சொல்லும்போது அதில் எவ்வளவு அரசுக்கு, எவ்வளவு அவருக்கு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். அலுவலக வாசலில் தரகரிடம் கோப்பைக் கொடுத்துவிட்டு வருவதைப் பிள்ளை பார்த்தால், விதிகளைப் பணம் கொடுத்துக் கடந்துவிடலாம் என்பதுதான் அவருடைய ஓட்டுநர் வாழ்வின் முதல் பாடமாகிவிடும். விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். நீங்கள் அருகில் உட்கார்ந்து சரிபார்த்தால் போதும்.

கணினித் தேர்வில் சாலைக் குறியீடுகள், சைகைகள், போக்குவரத்து விதிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் இருக்கும். நூற்றுக்கு 60 பங்கு சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்வி பதில்களை மனப்பாடம் செய்து ஒரு மணி நேரத்தில் தேறிவிடலாம், பலரும் அப்படித்தான் தேறுகிறார்கள். அதைவிட, பிள்ளையைப் பேருந்தில் முன் இருக்கையில் அமர்த்திக்கொண்டு போகும்போது வழியில் தென்படும் பலகைகளைப் படிக்கச் சொல்வது நெடுநாள் நிற்கும். முக்கோணம் எச்சரிக்கிறது, வட்டம் கட்டளையிடுகிறது, செவ்வகம் தகவல் சொல்கிறது என்ற ஒரு வரி புரிந்துவிட்டால் முக்கால்வாசிக் குறியீடுகளை மனப்பாடம் செய்யாமலே ஊகித்துவிட முடியும். ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது, மேலேறும் வண்டிக்கே வழியில் முதலிடம் என்பதையும், இறங்கும் பேருந்து ஏன் ஒதுங்கி நிற்கிறது என்பதையும் கண்முன்னே காட்டலாம்.

பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் கடந்த பிறகே ஓட்டுத் தேர்வுக்குப் போக முடியும். இந்த 30 நாளை ஒரு தடையாக எண்ணி, முப்பத்தோராம் நாளுக்கே தேதி எடுத்து ஓடுகிறவர்கள் அதிகம். ஆறு மாதம் கையில் இருக்கும்போது ஏன் ஓட வேண்டும் என்பது என் கேள்வி. நான்கு மாதமாவது முழுமையாகப் பழகிய பிறகு தேதி எடுப்பதில் ஒரு நட்டமும் இல்லை. தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மறுமுறை போவதற்கும் அவகாசம் மிஞ்சியிருக்கும். மூன்று முறையும் தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால் கடைசி மாதம் வரை இழுப்பதும் கூடாது.

இந்தக் காலத்தில் சட்டம் சில நிபந்தனைகளை விதிக்கிறது. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிறத்தில் ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். அந்தப் பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. அந்த வகை வண்டிக்கு நடப்பிலுள்ள உரிமம் வைத்திருக்கும் ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் இடத்தில் உடன் அமர்ந்திருக்க வேண்டும். பைக்கில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆர். கையில் இருந்தால் தனியாக ஓட்டலாம் என்று ஊரெங்கும் நிலவும் நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை. ‘எல்’ பலகையை மாட்ட வெட்கப்படும் பிள்ளைகளிடம், அந்தப் பலகையைப் பார்த்தால்தான் பின்னால் வருபவர் ஹாரன் அடிக்காமல் கொஞ்சம் இடம் விடுவார் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது வேலை செய்தது.

கற்றுக்கொடுப்பது

முதலில் யார் கற்றுக்கொடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும். அப்பாவுக்கு நன்றாக ஓட்டத் தெரியும் என்பதால் அவரே நல்ல ஆசிரியர் ஆகிவிட மாட்டார். பிள்ளை கிளட்சைச் சட்டென விட்டு வண்டி குலுங்கி நின்றவுடன் குரல் உயர்த்துபவராக அவர் இருந்தால், பொறுமையுள்ள மாமாவிடமோ சித்தியிடமோ அந்த வேலையைக் கொடுத்துவிடுவது எல்லாருக்கும் நல்லது. யார் உட்கார்ந்தாலும், திருப்பங்களை மிக முன்கூட்டியே சொல்ல வேண்டும். “அடுத்த பெட்ரோல் பங்க் தாண்டி இடதுபுறம்” என்று நூறு மீட்டருக்கு முன்பே சொன்னால்தான் கண்ணாடி பார்க்கவும், இண்டிகேட்டர் போடவும், கியர் குறைக்கவும் அவருக்கு நேரம் இருக்கும். அவசரத்துக்கென்று ‘நிறுத்து’ என்ற ஒரே ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொண்டு, மற்ற நேரங்களில் அதைப் பயன்படுத்தாமல் இருங்கள்.

கார் பழகப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவதை நான் பரிந்துரைக்கிறேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. விதிகளின்படி இலகுரக வாகனப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. பிள்ளை உண்மையில் ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சேர்க்கும் நாளிலேயே இந்த இரண்டு எண்களையும் சொல்லிக் கேளுங்கள். ஒரே காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போய், ஆளுக்குப் பத்து நிமிடம் ஓட்டவிட்டு, மற்றவர் ஓட்டியதைப் பின்னிருக்கையிலிருந்து பார்த்த நேரத்தையும் பயிற்சியாகக் கணக்கிடும் வழக்கம் உண்டு.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கலும் இருக்கிறது. பயிற்சிக் கார்களில் ஆசிரியர் பக்கமும் கிளட்ச், பிரேக் பெடல்கள் இருக்கும். பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. என் மகள் சேர்ந்த பள்ளியில் ஆசிரியர் பதினெட்டு நாளும் அந்தப் பெடல்களிலிருந்து காலை எடுக்கவே இல்லை. வண்டி மெழுகுபோல நகர்ந்ததால் தனக்கு ஓட்ட வந்துவிட்டது என்றே அவள் நம்பினாள். வீட்டுக் காரில் உட்கார்ந்த முதல் நாள், எங்கள் தெரு முனைக்குள் ஆறு முறை எஞ்சின் நின்றது. அவள் கற்றிருந்தது ஸ்டீயரிங் மட்டுமே. ஆகவே பத்தாம் நாள் வாக்கில் ஒருமுறை நீங்களும் பின்னிருக்கையில் உட்கார்ந்து போய், ஆசிரியரின் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலை விலக்கிக்கொண்டு ஓட்டவிடும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

வீட்டுக் காரில் உங்களுக்கு அந்தப் பெடல்கள் கிடையாது. உங்கள் கையில் இருப்பது கை பிரேக் ஒன்றுதான் என்பதால், முதல் வாரப் பயிற்சி விடுமுறை நாள் காலையில் ஒரு காலி மைதானத்திலோ, வீடுகள் எழும்பாத மனைப்பிரிவின் தார்ச்சாலையிலோ இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விட்டு, வண்டி நகரத் தொடங்கும் அந்தப் புள்ளியைக் கால் உணரும் வரை, அதாவது ஹாஃப் கிளட்ச் பிடிபடும் வரை, அரை மணி நேரம் வேறெதுவும் செய்ய வேண்டாம். அது வந்த பிறகு மேட்டில் கை பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, பின்னோக்கி உருளாமல் கிளப்பப் பழக்குங்கள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது புதியவர்களின் கை நடுங்குவது இதில்தான். பின்னோக்கி எடுப்பதையும் நிறுத்துமிடத்தில் விடுவதையும் கேமராவை அணைத்துவிட்டுக் கண்ணாடிகளைக் கொண்டே முதலில் கற்கட்டும்.

இருசக்கர வண்டிக்கு வருவோம், ஏனெனில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓட்டப்போவது அதைத்தான். எட்டு போடுவது மெதுவாகப் போகும் வண்டியைச் சமநிலையில் வைத்திருக்கும் கலை. மைதானத்தில் கோலப்பொடியாலோ சுண்ணாம்புத் தூளாலோ பெரிய எட்டு ஒன்றை வரைந்துவிட்டு, முதல் கியரில் ஹாஃப் கிளட்சில் வண்டியை இழுத்துக்கொண்டு, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி சுற்றச் சொல்லுங்கள். கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, அடுத்து போக வேண்டிய வளைவைப் பார்க்க வேண்டும். பார்வை போகும் இடத்துக்கே வண்டியும் போகும். நன்றாக வந்த பிறகு எட்டைச் சிறிதாக்குங்கள்.

பிரேக் பிடிப்பதை யாரும் தனியாகக் கற்றுக்கொடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வியப்பு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்குக்குக் கை போகவே ஒரு நொடி ஆகிவிடும். நல்ல காய்ந்த சாலையில் அந்த நொடியையும் சேர்த்து வண்டி நிற்க ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். வேகம் 60 ஆனால் அது 40 மீட்டராகிவிடுகிறது. வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. இதைத் தாளில் சொல்வதைவிட மைதானத்தில் இரண்டு செங்கற்களை வைத்து அளந்து காட்டினால் மனத்தில் பதியும். முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று பயமுறுத்தி வளர்த்ததால் பலர் பின் பிரேக்கை மட்டுமே மிதிக்கிறார்கள், பின் சக்கரம் வழுக்குகிறது. வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, சட்டென்று நெருக்காமல் படிப்படியாக அழுத்துவதைக் குறைந்த வேகத்தில் இருபது முப்பது முறை செய்ய வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போதும், மணல் படிந்த சாலையோரத்திலும் முன் பிரேக்கைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

சாலைக்கு வந்த பிறகு, புத்தகத்தில் இல்லாத நம் சாலையின் மொழியைக் கற்பிப்பது உங்கள் வேலை. எதிரே வருபவர் விளக்கை மின்னினால் அவர் வழி விடுவதில்லை, நான் வருகிறேன், நீ நில் என்கிறார். முன்னால் போகும் லாரியின் இண்டிகேட்டர் எரிந்தால் அவர் திரும்பப்போகிறாரா, நம்மை முந்தச் சொல்கிறாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே எதிர்ச்சாலை கண்ணால் தெரியும் வரை முந்தக் கூடாது. நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் இடப்பக்கம் புகுந்தால் இறங்குபவர் மேல் மோதுவோம். வலப்பக்கம் கடந்தால் பேருந்தின் முன்னாலிருந்து ஒருவர் சாலையைக் கடக்க ஓடிவருவார். நாற்கரச் சாலையின் ஓரத்தில் எதிர்த்திசையில் வண்டி வரும், வரக் கூடாதுதான், வரும். அறுவடைக் காலத்தில் டெல்டாப் பக்கம் சாலையில் காயும் நெல்லின் மேல் ஏறினால் சக்கரம் பளிங்கில் போவதுபோல வழுக்கும். முதல் மழையில் தூசியும் எண்ணெயும் கலந்து தார் சறுக்கும். வேகத்தடைக்கு வெள்ளை அடித்திருக்கும் என்று நம்ப முடியாது. இவற்றை நீங்கள் ஓட்டும்போதே பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டுங்கள்: அந்தப் பந்தின் பின்னால் ஒரு குழந்தை வரும், அந்த ஆட்டோ சவாரியைப் பார்த்தால் நின்றுவிடும் என்று. சில நாள் கழித்துப் பிள்ளையை அதே மாதிரி சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னால், அவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தலைக்கவசம் பிள்ளையின் தலைக்கென்று வாங்கியதாக இருக்க வேண்டும்; வீட்டில் கிடக்கும் அப்பாவுடையது போதாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் அது தனியாக ஆடாத அளவில் எடுத்து, வாரை மாட்டும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்துங்கள். வார் மாட்டாத தலைக்கவசம் தலைக்கு முன்பே கழன்று தரையில் விழும்.

தேர்வு நாள்

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தேர்வு எடுப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர்; பழைய தலைமுறை இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே சொல்லும். பழகுநர் உரிமம், வயது மற்றும் முகவரிச் சான்றுகளின் மூலப்பிரதிகள், கொண்டுபோகும் வண்டியின் பதிவுச் சான்று, நடப்புக் காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். காப்பீடு காலாவதியான வண்டியைக் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழகிய வண்டியிலேயே தேர்வுக்குப் போவது முக்கியம். நண்பனின் புதிய பைக்கில் கிளட்ச் பிடிக்கும் இடமே வேறாக இருக்கும்.

பைக்குக்கு எட்டு, காலை ஊன்றாமல். காருக்குச் சில அலுவலகங்களில் ‘எச்’ வடிவத் தடமும் உண்டு. மற்ற இடங்களில் ஆய்வாளர் பக்கத்தில் அமர்ந்து சாலையில் ஓட்டச் சொல்வார். கண்ணாடியைச் சரிசெய்வது, இருக்கைப் பட்டையை மாட்டுவது, கிளம்புமுன் பின்னால் பார்ப்பது, மேட்டில் நிறுத்திக் கிளப்புவது ஆகியவை விதியில் எழுதப்பட்ட தேர்வு அம்சங்கள். இவற்றை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. கை சைகைகளையும் கேட்பது உண்டு என்பதால் முதல் நாள் மாலை ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். நீங்கள் தடத்துக்கு வெளியே, பிள்ளையின் கண்ணில் படாத இடத்தில் நில்லுங்கள். தவறிவிட்டால் அன்றைக்கு அதைப் பற்றிப் பேச வேண்டாம். ஏழு நாளில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது.

அட்டை வந்த பிறகு

உரிம அட்டை இப்போது விரைவு அஞ்சலில் வீட்டுக்கே வருகிறது. பெயர், பிறந்த தேதி, இரத்த வகை, வண்டி வகைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, டிஜிலாக்கரிலும் ஒரு பிரதியைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாலைச் சோதனையில் அது செல்லும்.

அதற்குப் பிறகு சாவியை முழுவதுமாகக் கொடுத்துவிடாமல் பகுதி பகுதியாகக் கொடுப்பதே எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. முதல் மாதம் பகலில், தெரிந்த சாலைகளில் தனியாக. இரண்டாம் மாதம் இரவில், நாங்கள் பின்னால் அமர்ந்து. மூன்று மாதம் கழித்தே நண்பரைப் பின்னால் ஏற்ற அனுமதி, அதுவும் இருவருக்கும் தலைக்கவசம் இருந்தால். நெடுஞ்சாலை ஆறு மாதத்துக்குப் பிறகு. மூன்று பேராகப் போவது எப்போதும் இல்லை. இந்த நிபந்தனைகளை முன்பே பேசி முடிவு செய்ததால் ஒவ்வொரு நாளும் வாக்குவாதம் வரவில்லை.

கைபேசியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அறிவுரையில் பாதி நமக்கே உரியது. பிள்ளை கிளம்பிய பத்தாம் நிமிடத்தில் “எங்கே இருக்கிறாய்?” என்று அழைப்பது நாம்தான், அம்மா அழைக்கிறாள் என்று தெரிந்தால் எடுக்காமல் இருக்கவும் அந்தப் பிள்ளைக்கு மனம் வராது. ஓடும் நேரத்தைக் கணக்கிட்டு, சேர்ந்த பிறகு அவரே அழைப்பார் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, அதுவரை அழைக்காமல் இருங்கள்.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் ஒருமுறை அமைதியாகச் சொல்லி வையுங்கள். வண்டியை நிறுத்த வேண்டும், ஓடக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். பிறகு வீட்டுக்குச் சொல்ல வேண்டும். சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவைத் தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், வரையறுத்த தொகைக்குள், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் ஏற்கிறது. ஆகவே பணத்தை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. அடிபட்ட இன்னொருவருக்கு உதவினால் நம் மேல் வழக்கு வரும் என்ற பயமும் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுபவரை மோட்டார் வாகனச் சட்டமே பாதுகாக்கிறது. திட்டுவோம் என்று பயந்து வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைதான் அதிக ஆபத்தில் இருக்கிறது, அதனால் வண்டியில் முதல் கீறல் விழும் நாளில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள்.

பதினெட்டு வயதில் வாங்கிய உரிமம் நாற்பது வயது நிறையும் வரை செல்லும்; இடையிலுள்ள இருபத்திரண்டு ஆண்டுகளில் எந்த அலுவலகமும் புதுப்பித்தலுக்காக அவரை அழைக்காது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஏதாவது வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு, உங்கள் தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு, பிள்ளையின் பின்னிருக்கையில் ஏறிக் கடைத்தெரு வரை போய் வாருங்கள். வழியில் ஒன்றும் சொல்ல வேண்டாம். கண்ணாடியை எத்தனை முறை பார்க்கிறார், மஞ்சள் விளக்கைக் கண்டால் கை எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கவனித்துக்கொண்டு, வீடு வந்து வண்டியை நிறுத்திய பிறகு பேசுங்கள்.